பேரை நம்பாதீர்கள், பக்கத்து வீட்டைப் பாருங்கள்: மீனின் வளர்ச்சிக் காரணிப் பிணைப்புப் புரதங்களை ஒரு லேப்டாப்பை வைத்து ஆராய்வது எப்படி?

சேலத்தில் விலங்கியல் முதுகலை படிக்கிற தம்பி தங்கைகள் ப்ராஜெக்ட் நேரம் வந்தால் ஒரே கேள்வியோடு வந்து நிற்பார்கள். "அண்ணா, லேப் வசதி பெருசா இல்ல, கையில காசும் இல்ல, ஆனா வைவாவுல கொஞ்சம் கனமா இருக்கணும், என்ன பண்ணலாம்?" ஐந்து ரோடு பக்கம் தட்டுவடை செட் சாப்பிட்டுக்கொண்டே இதற்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது, அதனால் மொத்தத்தையும் எழுதி வைத்துவிடுகிறேன். இதில் முக்கால்வாசி வேலைக்கு லேப்டாப்பும் மொபைல் டேட்டாவும் போதும். மீதிக்கு மட்டும்தான் மீன் வேண்டும், அதற்கு மேட்டூர் பக்கத்திலேயே இருக்கிறது.

முதலில் இந்தப் புரதம் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கும். அது கல்லீரலுக்குப் போய் ஐஜிஎஃப்-1 என்கிற இன்சுலின் மாதிரியான வளர்ச்சிக் காரணியைத் தயாரிக்கச் சொல்லும். உடம்பில் பெரும்பாலான வளர்ச்சி வேலையைச் செய்வது இந்த ஐஜிஎஃப்தான். 1957-ல் எலியின் குருத்தெலும்பை வைத்து இப்படி ஒரு இடைத்தரகர் இருப்பதைக் கண்டுபிடித்த இருவரில் ஒருவர் பெயர் வில்லியம் சால்மன், இன்னொருவர் வில்லியம் டாகடே. சால்மன் என்று பேர் இருந்தாலும் அவருக்கும் மீனுக்கும் சம்பந்தமில்லை, வைவாவில் உளறிவிடாதீர்கள்.

ஐஜிஎஃப்-1 ரொம்பச் சின்ன புரதம், மனிதனில் வெறும் 70 அமினோ அமிலம். தனியாக ரத்தத்தில் விட்டால் சில நிமிடங்களில் காணாமல் போய்விடும். அதனால் உடம்பு அதை உண்டியலில் போட்டு வைக்கிறது. அந்த உண்டியல்தான் பிணைப்புப் புரதம். உண்டியலில் போட்ட காசு பத்திரமாக இருக்கும், ஆனால் கடைக்குப் போய்ச் செலவழிக்க முடியாது. தேவைப்படும்போது உடைக்கத்தான் வேண்டும், உடைக்கிற சுத்தியலும் உடம்பிலேயே இருக்கிறது, பாப்-ஏ என்கிற புரதம் வெட்டும் நொதி அதில் ஒன்று. ஆக ஒரே பிணைப்புப் புரதம் ஒரு நேரத்தில் வளர்ச்சிக்கு உதவும், இன்னொரு நேரத்தில் கட்டிப்போடும். "இது வளர்ச்சியைத் தூண்டுமா, தடுக்குமா?" என்று ஒற்றை வரியில் பதில் கேட்கிற ஆளிடம் இரண்டும் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

இனிமேல் இவற்றைப் பிபி என்றே எழுதப்போகிறேன். ரத்த அழுத்தம் இல்லை. மனிதனில் பிபி-1 முதல் பிபி-6 வரை ஆறு உண்டு.

அப்புறம் ஒரு குழப்பத்தை இப்போதே தீர்த்துவிடலாம். வளர்ச்சி ஹார்மோனுக்கும் தனியாக ஒரு பிணைப்புப் புரதம் உண்டு, அது இந்த ஆறில் சேராது. அதன் மரபணுவைத் தேடினால் கிடைக்கவே கிடைக்காது, ஏனென்றால் அதற்கென்று மரபணுவே கிடையாது. வளர்ச்சி ஹார்மோனைப் பிடித்துக்கொள்ள செல்லின் மேல் இருக்கிற ஏற்பியின் வெளிப்பகுதி தனியாகக் கழன்று ரத்தத்தில் மிதப்பதுதான் அது. மனிதனில் அது வெட்டப்பட்டுக் கழல்கிறது, எலியில் ஆர்என்ஏவை வேறு மாதிரி ஒட்டித் தைப்பதால் உருவாகிறது. மீன்களில் அந்த ஏற்பியே பெரும்பாலும் இரண்டு பிரதியாக இருக்கும், அது தனிக் கதை, உங்கள் ப்ராஜெக்டில் அதைச் சேர்த்துக்கொண்டால் ஜூன் வரை முடியாது. விட்டுவிடுங்கள்.

சரி, வேலையை ஆரம்பிக்கலாம். என்சிபிஐ என்கிற இலவச மரபணுத் தரவுத்தளத்துக்குப் போய் மனிதனின் ஆறு பிபி புரத வரிசைகளையும் இறக்கிக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் அதே தளத்தில் ஒத்த வரிசைகளைத் தேடித்தருகிற புரத பிளாஸ்டில் போட்டு, உயிரினம் கேட்கும் கட்டத்தில் ஒரு நேரத்தில் ஒரு மீனை மட்டும் கொடுத்துத் தேடுங்கள். மொத்த மீன்களையும் ஒரே தேடலில் கேட்டால் ஆயிரக்கணக்கில் வந்து கொட்டும், எது எதுவென்று பிரிப்பதற்குள் ஆர்வமே போய்விடும்.

எந்த மீன்கள்? இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள், நமக்குத் தெரிந்த கட்லா, ரோகு, ஜிலேபி என்று மட்டும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் கூடவே ஜீப்ரா மீன், மெடாகா என்கிற சின்ன ஜப்பான் மீன், அட்லாண்டிக் சால்மன், அப்புறம் கட்டாயமாகப் புள்ளி கார் மீன் வேண்டும். வட அமெரிக்காவின் இந்த மீன் நம் குளத்துக்குச் சம்பந்தமே இல்லாதது, ஆனாலும் இல்லாமல் முடியாது. காரணம் பின்னால் சொல்கிறேன். மீன் அல்லாதவற்றில் மனிதன், கோழி. கடைசியாக, முதுகெலும்பிகளுக்குத் தூரத்து உறவான ஆம்பியாக்சஸ். இதில் பிபி மரபணு ஒன்றே ஒன்றுதான், அது தரும் புரதம் ஐஜிஎஃப்பைப் பிடிப்பதுகூட இல்லை, ஆனால் செல்லின் உட்கருவுக்குள் போய் வேறு வேலை செய்யக்கூடியது. பிடித்து வைக்கும் வேலை குடும்பத்தில் பிற்பாடு வந்திருக்கலாம் என்று யோசிக்க வைக்கிற விஷயம் இது.

பிளாஸ்ட் முடிவில் வருவதையெல்லாம் வாரி எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் என் ப்ராஜெக்டில் செய்த தப்பு இதுதான். பிபி-7 என்று ஒரு பேர் வந்தது, ஆகா மீனில் ஏழாவதும் இருக்கிறதே என்று சந்தோஷமாகச் சேர்த்தேன், இரண்டு வாரம் கழித்து யாருக்கு யார் உறவு என்று காட்டும் பரிணாம மரம் வரைந்தால் அது எல்லாக் கிளையையும் விட்டு எங்கோ தனியாக நீட்டிக்கொண்டு நிற்கிறது. விஷயம் என்னவென்றால் பிபி-7 என்கிற பேரே ஒரு விபத்து. அதற்கு முன்பாதி மட்டும்தான் இந்தக் குடும்ப ஜாடை, பின்பாதி வேறு. சிசிஎன் குடும்பம், எச்டிஆர்ஏ-1 என்கிற வேறு புரதங்கள் எல்லாமே இப்படித்தான், முன்பாதியைக் காட்டி உள்ளே நுழைந்துவிடும். பின்பாதியை மட்டும் வைத்திருக்கிற நிடோஜன் மாதிரியான ஆட்களும் உண்டு.

அதனால் உள்ளே விடுவதற்கு முன் இரண்டு அடையாளம் பாருங்கள். உண்மையான பிபி ஒன்றுக்கு மூன்று துண்டு உண்டு. முன்துண்டில் சிஸ்டீன் என்கிற அமினோ அமிலங்கள் நெருக்கமாக இருக்கும், கிளைசின்-சிஸ்டீன்-கிளைசின்-சிஸ்டீன்-சிஸ்டீன் என்று ஒரு வரிசை கண்ணில் படும். பின்துண்டு தைரோகுளோபுலின் வகை, அதில் சிஸ்டீன்-டிரிப்டோஃபேன்-சிஸ்டீன்-வேலின் என்ற நான்கெழுத்து இருக்கும். நடுத்துண்டு ஆளுக்கு ஆள் மாறும். முன்னும் பின்னும் இரண்டும் இருந்தால்தான் இந்த வீட்டு ஆள். சிஸ்டீன்களை எண்ணியும் பார்க்கலாம்: மனிதனில் பிபி-1, 2, 3, 5-ல் 18, பிபி-4-ல் 20, பிபி-6-ல் 16. பிபி-6-ல் அந்த முன்துண்டு வரிசை அப்படியே இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள், இல்லையென்றால் உண்மையான உறவினரையே வாசலில் நிறுத்திவிடுவீர்கள். நீளமும் ஒரு துப்பு. மனிதப் புரதங்கள், செல்லைவிட்டு வெளியேறும்போது வெட்டப்படுகிற சமிக்ஞைத் துண்டோடு சேர்த்து, 240-லிருந்து 325 அமினோ அமிலம் வரை இருக்கும், உங்கள் மீன் வரிசை 90-லேயே முடிந்துவிட்டால் அது பாதி வரிசை, 900-க்குப் போனால் இரண்டு மரபணுவை ஒட்டிவிட்டார்கள் என்று அர்த்தம்.

ஒரே மரபணுவுக்கு மூன்று நான்கு வடிவம் காட்டும். நீளமான ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை நீக்குங்கள். இதைச் செய்யாமல் "ரோகுவில் 23 பிபி கண்டுபிடித்தேன்" என்று எழுதிய ஒரு ரிப்போர்ட்டை நான் பார்த்திருக்கிறேன்.

எல்லா வரிசைகளையும் ஒன்றின் கீழ் ஒன்றாகப் பொருத்தி அடுக்குவதற்கு மாஃப்ட் என்கிற மென்பொருள் நல்லது, இணையத்திலேயே ஓடும். நடுத்துண்டை எப்படிப் போட்டாலும் ஒழுங்காக அமையாது, மல்லுக்கட்டாமல் வெட்டிவிடுங்கள். முன்துண்டு, பின்துண்டுச் சிஸ்டீன்கள் முளைக்குச்சி மாதிரி நேருக்கு நேர் நிற்கின்றனவா என்று மட்டும் கண்ணால் பாருங்கள். மெஷின் செய்ததை மனுஷன் ஒரு தடவை பார்த்தே ஆகவேண்டும். பிறகு மெகா அல்லது ஐக்யூ-ட்ரீ மென்பொருளில் மரம் போடுங்கள், பூட்ஸ்டிராப் 1000 கொடுங்கள், அதாவது ஒவ்வொரு கிளையும் எவ்வளவு உறுதி என்று ஆயிரம் தடவை சோதிக்கச் சொல்லுங்கள். இது ஓடும்போது டீ குடித்துவிட்டு வரலாம், பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கிளை ஆதரவு 70-க்குக் கீழே இருக்கிற இடத்தில் பெரிய கதை எழுதாதீர்கள், அவ்வளவுதான்.

இப்போதுதான் சுவாரஸ்யமான பகுதி. இந்தப் புரதங்கள் சின்னவை, அதிலும் நடுவை வெட்டிவிட்டோம், அதனால் மரம் பல இடத்தில் தெளிவாக இருக்காது. பிபி-1-ஆ பிபி-4-ஆ என்று முழிக்கும். தானியங்கியாக ஒட்டப்பட்ட பேரும் அடிக்கடி தப்பாக இருக்கும், "பிபி-2 போன்றது" என்றெல்லாம் மழுப்பியிருப்பார்கள். அப்போது பேரையும் விட்டு, மரத்தையும் விட்டு, அந்த மரபணு குரோமோசோமில் யார் பக்கத்தில் குடியிருக்கிறது என்று பாருங்கள். நம் ஊரில் ஒரு ஆளைத் தெரியாவிட்டால் "எந்தத் தெரு, பக்கத்து வீடு யாரு?" என்று கேட்போமே, அதேதான்.

மனிதனில் பாருங்கள். 7-ஆம் குரோமோசோமில் பிபி-1-ம் பிபி-3-ம் வால் பக்கம் வால் வைத்து ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. 2-ஆம் குரோமோசோமில் பிபி-2-ம் பிபி-5-ம் அதே மாதிரி. 17-ல் பிபி-4 மட்டும் தனியாக, 12-ல் பிபி-6 மட்டும் தனியாக. இந்த நான்கு குரோமோசோமிலும் உடம்பின் முன்பின் அமைப்பைத் தீர்மானிக்கும் ஹாக்ஸ் மரபணுக் கூட்டம் ஒவ்வொன்று இருக்கிறது: 7-ல் ஹாக்ஸ்-ஏ, 17-ல் ஹாக்ஸ்-பி, 12-ல் ஹாக்ஸ்-சி, 2-ல் ஹாக்ஸ்-டி. டென்சின் என்கிற மரபணுவும் நான்கிலும் பிபிக்கு அக்கம்பக்கத்தில் இருக்கிறது.

இதிலிருந்து கதை தானாக வருகிறது. ஆதியில் ஒரு மரபணு. அது பக்கத்திலேயே ஒரு பிரதி எடுத்து இரண்டு வீடு கொண்ட ஒரு காம்பவுண்டு ஆனது. பிறகு முதுகெலும்பிகளின் மூதாதையரில் மொத்த மரபணுத் தொகுதியும் இரண்டு முறை இரட்டிப்பானது. ஒரு காம்பவுண்டு நான்கு காம்பவுண்டு ஆனது, மொத்தம் எட்டு வீடு. அதில் இரண்டு காம்பவுண்டில் ஆளுக்கொரு வீடு இடிந்துபோனது, மிச்சம் ஆறு. முதல் வீட்டு வாரிசுகள் பிபி-1, 2, 4. இரண்டாம் வீட்டு வாரிசுகள் பிபி-3, 5, 6. உங்கள் மரத்தில் இந்த இரண்டு கோஷ்டியும் பிரிந்து வந்தால் நீங்கள் சரியான பாதையில் இருக்கிறீர்கள்.

மீனில் கதை இன்னும் நீளும். எலும்பு மீன்களில் பெரும்பான்மையான டெலியோஸ்ட் வகையின் மூதாதையரில், சுமார் 32 முதல் 35 கோடி வருஷத்துக்கு முன், மூன்றாவது முறையாக மொத்தமும் இரட்டித்தது. ஆறு பன்னிரண்டு ஆகியிருக்க வேண்டும், ஆனால் எல்லாமே தங்குவதில்லை. ஜீப்ரா மீனில் ஒன்பதுதான்: 1ஏ, 1பி, 2ஏ, 2பி, 3, 5ஏ, 5பி, 6ஏ, 6பி (எண்ணுக்குப் பின்னால் வரும் ஏ, பி இரண்டும் இரட்டிப்பில் வந்த இரண்டு பிரதிகள்). பிபி-4 அதில் கிடையாது, அதனால் நீங்கள் தேடிக் கிடைக்கவில்லையே என்று ராத்திரி ஒரு மணி வரை முழித்திருக்க வேண்டாம். புள்ளி கார் மீனை ஏன் சேர்க்கச் சொன்னேன் என்பது இப்போது புரியும், அது இந்த மூன்றாவது இரட்டிப்புக்கு முன்பே பிரிந்துபோன கிளை, மனிதனுக்கும் ஜீப்ரா மீனுக்கும் நடுவில் பாலம் மாதிரி. 1ஏ, 1பி இரண்டுமே கார் மீனின் ஒற்றைப் பிபி-1-க்குப் பக்கத்தில் சேர்ந்து வந்தால்தான் அவை மூன்றாவது இரட்டிப்பின் பிள்ளைகள்.

சால்மன் குடும்பத்தில் நான்காவது இரட்டிப்பும் நடந்தது. 2013-ல் எண்ணியபோது அட்லாண்டிக் சால்மனில் 19 பிபி வந்தது.

இதையெல்லாம் பக்கத்து வீட்டு முறையில் பார்க்க என்செம்பிள் என்கிற மரபணுத்தொகுதித் தளத்தில் மரபணுவைத் திறந்து இரண்டு பக்கமும் பத்துப் பத்து மரபணுக்களை ஒரு எக்செல் தாளில் எழுதுங்கள், அல்லது ஜினோமிகஸ் என்கிற தளத்தில் படமாகவே பாருங்கள். நான் எக்செல்தான் சொல்வேன். கையால் எழுதும்போதுதான் "அட, டென்சின் இங்கேயும் இருக்கே" என்று மண்டையில் ஏறும்.

நம் ஊர் மீனுக்கு இதில் ஒரு அருமையான கேள்வி இருக்கிறது. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றுக்கும் குரோமோசோம் 50, ஜீப்ரா மீனுக்கும் 50. ஆனால் குளத்தில் அவற்றோடு சேர்த்து விடுகிற சாதா கெண்டைக்கு 100. அதன் மூதாதையரில் தனியாக இன்னொரு இரட்டிப்பு நடந்திருக்கிறது, சால்மனுடையதோடு சம்பந்தமில்லாமல். அப்படியானால் ஒரே குளத்தில், ஒரே தவிட்டையும் புண்ணாக்கையும் தின்கிற ரோகுவுக்கும் சாதா கெண்டைக்கும் உண்டியல் எண்ணிக்கை ஒன்றா? அந்தக் கூடுதல் பிரதிகளில் எது தங்கியது, எது போனது? இரண்டு மீனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணி, அட்டவணை போட்டாலே ஒரு முழு அத்தியாயம் ஆகும். சால்மனைப் பற்றி எழுத உலகமே இருக்கிறது, இதை எழுத நாம்தான் இருக்கிறோம்.

இனி செயல்பாடு. மனிதப் பாடப்புத்தகத்தை மீனுக்கு அப்படியே ஒட்டக் கூடாது. நம் ரத்தத்தில் ஐஜிஎஃப்பைச் சுமப்பதில் பெரும்பங்கு பிபி-3 உடையது. சால்மன் ரத்தத்தில் 41, 28, 22 கிலோடால்டன் (புரதத்தின் எடை அளவு) என்று மூன்று பிபி பட்டை தெரியும். 41-ஐ முதலில் பிபி-3 என்றுதான் நினைத்தார்கள், பிற்பாடு வரிசையைப் பார்த்தால் அது பிபி-2பி. 28-ம் 22-ம் முறையே 1ஏ, 1பி. மீன் பட்டினி கிடந்தால் 41 குறையும், மற்ற இரண்டும் ஏறும். நன்றாகச் சாப்பிடும் மீனில் தலைகீழ். வரும்படி இருக்கும்போது ஒரு உண்டியல், கஷ்டகாலத்தில் வேறு பூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிபி-1 ஏறுவதற்குப் பட்டினி மட்டும் காரணமில்லை. 2005-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் குன்மிங் டுவான் குழுவினர் ஜீப்ரா மீன் கருக்களை ஆக்சிஜன் குறைந்த தண்ணீரில் வளர்த்தார்கள். பிபி-1 ஏறியது, கரு மெதுவாக வளர்ந்தது, பிபி-1-ஐக் குறைத்தபோது அந்தத் தாமதமும் குறைந்தது. விடிகாலையில் குளத்து மீன் மேலே வந்து வாயைப் பிளப்பதைப் பார்த்திருப்பீர்கள், அந்த நேரத்தில் தண்ணீரில் ஆக்சிஜன் அடிமட்டத்தில் இருக்கும். அதனால் மாதிரி எடுக்கும் நேரத்தை ஒரே மாதிரி வையுங்கள், ஒரு மீனை அஞ்சு மணிக்கும் இன்னொன்றை மத்தியானமும் பிடித்து ஒப்பிடாதீர்கள். ஏற்காடு ஏரி மீனையும் சேலத்துக் குளத்து மீனையும் ஒப்பிடலாமா என்று ஒவ்வொரு பேட்சிலும் ஒருவராவது கேட்பார். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் மேலே குளிர், தீனி வேறு, மீனின் வயது தெரியாது. எதனால் வித்தியாசம் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஏற்காட்டுக்குச் சும்மா போய்வாருங்கள், ப்ராஜெக்டுக்கு வேண்டாம்.

மீனை வளர்த்து, பட்டினி போட்டுப் பார்ப்பதாக இருந்தால் கல்லூரியின் விலங்கு நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வாங்குவதுதான் முதல் வேலை. வாங்கிவிட்டு ஜிலேபி மீனை எடுங்கள், சுலபமாகச் சாகாது, மரபணுத் தொகுதியும் கிடைக்கிறது. ஒரு தொட்டிக்குத் தீனி, ஒரு தொட்டிக்கு இல்லை என்று இரண்டே தொட்டி வைத்தால் செல்லாது, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது மூன்று தொட்டி வேண்டும். கல்லீரலை எடுத்தவுடனே ஆர்என்ஏ காக்கும் கரைசலில் போடுங்கள். உடனே என்றால் உடனே. மேட்டூர் மீன் என்று சொல்லி விற்ற ஒரு கடையில் ஐஸில் வைத்த கட்லாவை வாங்கிவந்து கல்லீரல் எடுத்து ஒரு வாரம் வேலை செய்தேன், ஜெல்லில் ஓட்டினால் பட்டையே இல்லை, மேலிருந்து கீழே ஒரு தீற்றல்தான். மீன் குழம்புக்கு அது அருமையான மீன், ஆர்என்ஏவுக்கு இல்லை.

கல்லீரலில் எந்தப் பிபி மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று அளக்க, அந்த மரபணுவை மட்டும் பிடிக்கிற பிரைமர் என்கிற சின்ன டிஎன்ஏ துண்டு வேண்டும். அதை எழுதும்போது இரண்டு விஷயம். ஒன்று, இந்த மரபணுக்களில் புரதத்துக்கான பகுதி நான்கு எக்ஸானாக, அதாவது நான்கு துண்டாகப் பிரிந்திருக்கும், பிரைமர் இரண்டு எக்ஸானைத் தாண்டி உட்காரட்டும், கலந்திருக்கிற டிஎன்ஏ ஏமாற்றாது. இரண்டு, 1ஏ-வையும் 1பி-யையும் ஒரே பிரைமர் பிடித்துவிடக் கூடாது. இங்கே நாம் வெட்டி எறிந்த நடுத்துண்டு கைகொடுக்கும், அதுதான் ஆளுக்கு ஆள் மாறுகிறதே, பிரைமரை அங்கே வையுங்கள். அளவு மாறாது என்று நம்பி ஒப்பிட வைக்கிற ஒப்பீட்டு மரபணு என்று ஆக்டினை மட்டும் நம்பாதீர்கள், பட்டினியில் அதுவே ஆடலாம், குறைந்தது இரண்டு வையுங்கள். மனிதப் பிபிக்கு விற்கிற ஆன்டிபாடியை வாங்கி மீனில் போட்டுப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால், அது உங்கள் மீனில் சோதித்ததா என்று கேளுங்கள், விலையைக் கேட்பதற்கு முன்.

மீனும் வேண்டாம், அனுமதிக்கு அலையவும் முடியாது என்றால் பொதுவில் கிடக்கிற ஆர்என்ஏ வரிசைத் தரவு இருக்கிறது. பட்டினி போட்ட மீன், தீனி போட்ட மீன் என்று ஏற்கெனவே யாரோ செய்து என்சிபிஐயின் எஸ்ஆர்ஏ என்கிற பொதுக் கிடங்கில் போட்டிருப்பார்கள், அதை இறக்கி உங்கள் பிபி பட்டியலோடு பொருத்தி எண்ணினால் போதும். கோப்பு ஒவ்வொன்றும் ஜிபி கணக்கில் வரும், வீட்டு நெட்டில் ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்கள். அதற்கு முன் எக்செல் தாளில் ஒவ்வொரு மரபணுவுக்கும் நேரே அணுகு எண் (தரவுத்தளம் ஒவ்வொரு வரிசைக்கும் கொடுக்கும் அடையாள எண்), குரோமோசோம், இரு பக்கத்து வீட்டுக்காரர் பேர், எந்தத் தேதியில் எடுத்தீர்கள் என்று எழுதி வைத்திருக்க வேண்டும். தரவுத்தளத்தில் பேரை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், நீங்கள் ஜனவரியில் பிபி-2 என்று எடுத்தது வைவா அன்று பிபி-5 ஆகியிருக்கும், எதிரே உட்கார்ந்திருப்பவர் போனில் அதைத்தான் தேடிப் பார்ப்பார்.